புரோஜெஸ்டிரோன் அளவும் தொடக்கக் கருச்சிதைவும்

புரோஜெஸ்டிரோன் என்பது பெண்களின் சூலகத்திலும், கருத்தரித்தபின் நஞ்சுக்கொடியிலும் சுரக்கும் ஒரு ஸ்டீராய்டு ஹார்மோன் ஆகும். கருப்பையின் உட்சவ்வைக் கரு பதிவதற்கு ஏற்றதாக மாற்றுவதும், கருப்பைத் தசை சுருங்காமல் வைத்திருப்பதும் இதன் முதன்மைப் பணிகள். குழந்தையின்மைக்கும், முதல் மூன்று மாதங்களுக்குள் நேரும் கருச்சிதைவுக்கும் காரணம் தேடும்போது தைராய்டு, புரோலாக்டின் ஆகியவற்றுடன் இதன் அளவும் பார்க்கப்படுகிறது. அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இந்த அளவுதான்.

21ஆம் நாள் பரிசோதனை

மாதவிடாய்ச் சுழற்சியின் முற்பாதியில் புரோஜெஸ்டிரோன் மில்லிலிட்டருக்குச் சுமார் 1 நானோகிராம் அல்லது அதற்கும் குறைவாகவே இருக்கும். கருமுட்டை வெளியேறியபின் சூலகத்தில் எஞ்சும் பை 'மஞ்சள் உடலம்' எனப்படும் தற்காலிகச் சுரப்பியாக மாறுகிறது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் அதன் சுரப்பு உச்சத்தை அடையும். அப்போது அளவு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வெளியேறியது என்று கொள்ளலாம். சில ஆய்வகங்கள் லிட்டருக்கு நானோமோல் என்ற அலகில் தருகின்றன. அதில் எண் மூன்று மடங்குக்குச் சற்று அதிகமாக வரும். ஆகவே எண்ணைப் பார்த்து அஞ்சுமுன் அலகைப் பார்ப்பது நல்லது.

'21ஆம் நாள்' என்பது 28 நாள் சுழற்சி உடையவர்களுக்கான கணக்கு. 35 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வரும் பெண்ணுக்கு 28ஆம் நாளில்தான் குருதி எடுக்க வேண்டும். நாள் தவறி எடுத்துவிட்டு, முட்டையே வரவில்லை என்று முடிவுகட்டினால் தேவையற்ற சிகிச்சைதான் மிஞ்சும். மேலும் இந்த ஹார்மோன் விட்டுவிட்டுச் சுரப்பதால், ஒரே நாளில் சில மணி நேரத்துக்குள் அளவு பல மடங்கு ஏறி இறங்கக்கூடும்.

காரணமா, விளைவா?

கரு பதிந்ததும் அதன் வெளிச்செல்கள் எச்.சி.ஜி. என்னும் ஹார்மோனைச் சுரந்து மஞ்சள் உடலத்தை அழியாமல் காக்கின்றன. ஏறத்தாழ 7 முதல் 9 வாரங்களுக்குள் நஞ்சுக்கொடி அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். 1970களில் ஆர்பாட் சாப்போ குழுவினர் இதைக் காட்டினர்: 7ஆம் வாரத்துக்கு முன் மஞ்சள் உடலத்தை அகற்றினால் கரு கலைந்தது, 9ஆம் வாரத்துக்குப் பின் அகற்றினால் கர்ப்பம் தொடர்ந்தது.

இதிலிருந்து, புரோஜெஸ்டிரோன் குறைந்ததால்தான் கரு கலைந்தது என்று பலரும் எண்ணுகின்றனர். பெரும்பாலும் நடப்பது இதற்கு எதிர்மாறானது. தொடக்கத்தில் கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதியில் குரோமோசோம் கோளாறு காணப்படுகிறது. வளர்ச்சி நின்றுபோன கரு எச்.சி.ஜி.யைப் போதிய அளவு தராது, மஞ்சள் உடலம் தளரும், புரோஜெஸ்டிரோன் இறங்கும். அதாவது, குறைந்த அளவு பல வேளைகளில் கருவின் நிலையைக் காட்டும் அடையாளமே. தாய் உண்ட உணவையோ செய்த வேலையையோ அதற்குக் காரணமாகச் சொல்ல இதில் இடமில்லை.

மருந்தாகக் கொடுத்தால்?

2015இல் வெளியான 'பிராமிஸ்' ஆய்வில், காரணம் தெரியாமல் மீண்டும் மீண்டும் கருச்சிதைவு நேர்ந்த 836 பெண்கள் சேர்க்கப்பட்டனர். உயிருடன் குழந்தை பெற்றவர்கள் புரோஜெஸ்டிரோன் எடுத்தோரில் 66 விழுக்காடு, போலி மருந்து எடுத்தோரில் 63 விழுக்காடு. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2019இல் வெளிவந்த 'பிரிசம்' ஆய்வு, கர்ப்பத் தொடக்கத்தில் இரத்தக்கசிவு கண்ட 4,153 பெண்களிடம் நடந்தது. அதிலும் மொத்தக் கணக்கு 75க்கு 72 என்றே வந்தது. ஆனால் முன்பு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கருச்சிதைவு கண்டவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது 72க்கு 57 என வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது.

இதையொட்டி பிரித்தானியாவின் 'நைஸ்' அமைப்பு 2021இல் தன் வழிகாட்டுதலை மாற்றியது. இரத்தக்கசிவு, முன்னர் ஒரு கருச்சிதைவாவது நேர்ந்திருத்தல், கர்ப்பம் கருப்பைக்குள்தான் உள்ளது என்பது ஸ்கேனில் உறுதியாதல் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் யோனிவழிப் புரோஜெஸ்டிரோன் தரலாம். இதயத்துடிப்பு உறுதியானால் 16 வாரம் நிறையும்வரை தொடரலாம் என்கிறது அது. இரத்தத்தில் உள்ள புரோஜெஸ்டிரோன் அளவு அந்த நிபந்தனைகளில் இடம்பெறவில்லை.