சொசேஜுக்கு உடுப்புப் போடும் ஊர்

ஷ்... சத்தம் போடாமல் கவுன்டருக்குப் பின்னால் வாருங்கள்! மொன்றியல் ஹொட் டோக் கடையின் குசினி இது. மூடியைத் தூக்கினால் குப்பென்று ஆவி. உள்ளே பணிசும் சொசேஜும் பதமாக வெந்துகொண்டிருக்கின்றன. ஊரார் இதை 'ஸ்டீமி' என்பார்கள். சென்-லோரான் வீதியில் 'மொன்றியல் பூல் ரூம்' 1912 முதல் ஹொட் டோக் விற்கிறது, பாருங்களேன்!

வந்தவர் 'ஓல் ட்ரெஸ்ட்' என்றதும் கை பறக்கிறது. கடுகு, ரெலிஷ், நறுக்கிய வெங்காயம், மேலே ஒரு பிடி கோவா. சப்பறத்தில் சுவாமி புறப்படுகிற மாதிரி, சர்வ அலங்காரத்தோடு சொசேஜ் வெளியே வருகிறது!

பீட்சாவைக் கேட்டாலும் இதே பெயரடைதான். அங்கே அலங்காரம் பெப்பரோனி, காளான், பச்சைக் குடமிளகாய். 1978இல் கியூபெக்கின் 'யம் யம்' கம்பெனி இதே பெயரில் சிப்ஸ் போட்டது. பார்பிகியூ, கெச்சப், உப்பு-வினாகிரி என்று எல்லா ருசியும் ஒரே பைக்குள். மக்கில் பல்கலைக்கழக மொழியியலாளர் சார்ல்ஸ் போபர்க், எல்லாம் போட்ட பீட்சாவை உங்கள் ஊரில் என்னவென்று கேட்பீர்கள் என்றே விசாரித்து, ஆங்கிலத்தை வட்டாரவாரியாகப் பிரித்துப் பார்த்தார். இப்படி ஓர் ஆராய்ச்சி நமக்குக் கிடைக்காமல் போயிற்றே!

இன்னும் உள்ளே எட்டிப் பாருங்கள், கூத்தே அங்கேதான். கியூபெக்கின் பிரெஞ்சில் 'தூ கார்னி' என்றால் எல்லாம் சேர்த்து அலங்கரித்தது. (பீட்சா பெண்பால், அதனால் 'தூத் கார்னி'.) அதையே உள்ளூர் ஆங்கிலக்காரர் 'ஓல் ட்ரெஸ்ட்' என்று தங்கள் வாய்க்கு மாற்றிக்கொண்டார்கள். ஆனால் மாற்றக் கைவைத்த 'ட்ரெஸ்' இருக்கிறதே, அதுவும் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சரக்கு! ஒழுங்குபடுத்து, தயார்செய் என்பதுதான் அதன் முதல் பொருள். உடுப்பெல்லாம் பிறகு வந்தது. சாலட்டின் 'ட்ரெஸ்ஸிங்'கில் அந்தச் சமையல் வாசம் இன்னும் இருக்கிறது. பிரெஞ்சுச் சமையல்காரர் தட்டில் சாப்பாட்டை அழகாக எடுத்துவைப்பதும் 'ட்ரெசே'தான். பிரெஞ்சு வாடை அடிக்கும் நியூ ஓர்லியன்ஸிலும் 'போ-போய்' சாண்ட்விச்சை 'ட்ரெஸ்ட்' என்று கேட்டால் லெட்டியூஸ், தக்காளி, மயோனெய்ஸ் எல்லாம் ஏறிவிடும்.

பிரெஞ்சிலிருந்து போன சொல் சும்மா இருந்ததா? கவுன்டரில் நிற்கும் உள்ளூர் பிரெஞ்சுக்காரர் கேட்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள்: 'அன் ஸ்டிமே ஓல்-ட்ரெஸ்!' கடைசி 'ட்' உதிர்ந்ததோடு சொல் வீடு திரும்பிவிட்டது. கியூபெக்கின் 1977ஆம் ஆண்டு 101ஆம் சட்டம் பெயர்ப்பலகைக்குப் பிரெஞ்சைக் கட்டாயமாக்கியது. பசித்த வாய்க்கு எந்தச் சட்டம்?