அடையாறு ஓடைக்கு ஆபத்து வேலிக்கு வெளியே! 100 மீட்டர் 50 ஆன கதை

சாயங்காலம் ஆபீஸ் விட்டு அடையாறு திரு.வி.க. பாலத்தில் பஸ்சில் போகிறவர்கள் கிழக்கே எட்டிப் பார்த்தால் ஆறு கடலைத் தொடும் இடம் தெரியும். 1967-ல் கட்டி, 1977-ல் உடைந்த பாலம் அங்கே இன்னும் பாதியில் நிற்கிறது. தெற்கே பிரம்மஞான சபையின் மரக்கூட்டம். வடக்கே அடுக்குமாடிக் கட்டிடங்கள்.

அந்தக் கட்டிடங்களை ஒட்டித்தான் அடையாறு ஓடை வளைந்து கிடக்கிறது. கடல் ஏறினால் உப்புத் தண்ணீர் உள்ளே வரும். மழை பெய்தால் ஊர்த் தண்ணீர் வரும். இரண்டும் கலக்கும் சேற்றில்தான் இறாலும் மடவைக் குஞ்சும் வளரும். நாரை, கொக்கு, நீர்க்காகம் எல்லாம் இரை தேடி வரும்.

"கொக்குக்கு எதுக்குய்யா ராஜா அண்ணாமலைபுரத்துல இடம்? சதுர அடி என்ன விலை தெரியுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. விலைதான் இந்த ஓடைக்கு எமன்!

தீர்த்துக் கட்ட நாலு லாரி போதும்

ஓர் ஓடையைத் தீர்த்துக் கட்டக் கத்தி வேண்டாம், துப்பாக்கி வேண்டாம். ஊர் ஊராக நடக்கும் முறை ஒன்றுதான். முதலில் குப்பை விழும். அதன்மேல் ராத்திரி லாரியில் வந்த ரப்பீஸ் மண் விழும். சேறு இறுகி மேடாகும். மேட்டில் வேலி முளைக்கும். வேலிக்குள் ஷெட் வரும். கடைசியில், "இங்க தண்ணியே நிக்கலையே, இது எப்படி ஓடை ஆகும்?" என்று கேள்வி வரும். பிணமே கிடைக்காத கொலை!

அடையாறு ஓடையும் குப்பையும் இடிபாடுமாகக் கிடந்ததுதான். 1990-களில் விவகாரம் ஐகோர்ட்டு வரை போனது. பிறகு அரசு குப்பையை அள்ளி, தண்ணீருக்கு வழி வெட்டி, செடி நட்டது. 58 ஏக்கர், தொல்காப்பியப் பூங்காவாக 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது. மீதி 300 ஏக்கர் அடுத்த கட்டம். ஆக மொத்தம் 358 ஏக்கர் தப்பியது.

தப்பியது சரி. பத்திரமாக இருக்கிறதா? அங்கேதான் சிக்கல்.

டெல்லியில் போட்ட அளவு

பூங்காவுக்குள் யாரும் வீடு கட்டப் போவதில்லை. ஆபத்து வேலிக்கு வெளியே. கடற்கரையோரம் கட்டிடம் கட்ட 1991-ல் மத்திய அரசு ஒரு கட்டுப்பாடு போட்டது. கடல் தண்ணீர் ஏறி இறங்கும் ஆறு, ஓடைகளின் கரையிலும் 100 மீட்டர் வரை அது செல்லும். ஓடையின் அகலம் அதைவிடக் குறைவாக இருந்தால் அந்த அகலம் வரை.

1994-ல் இந்த 100, 50 ஆனது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1996 ஏப்ரலில் கோர்ட்டு அந்தக் குறைப்பை ரத்து செய்தது. மறுபடி 100.

கதை முடிந்ததா? இல்லை. 2019 ஜனவரியில் புது அறிவிக்கை வந்தது. அதில் மறுபடியும் 50 மீட்டர்! கோர்ட்டு வாசல் வழியாக வெளியே போனது, 23 வருஷம் கழித்துக் கொல்லை வழியாக உள்ளே வந்துவிட்டது.

யார் வீட்டில் தண்ணீர்?

50 மீட்டர் என்பது அரை நிமிஷ நடை. இதற்கா இவ்வளவு பேச்சு? 2015 டிசம்பர் 1-ந்தேதி ராத்திரியை நினைத்துப் பாருங்கள். செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு சுமார் 29 ஆயிரம் கனஅடி தண்ணீர் வந்தது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை மூழ்கின. கட்டின துணியோடு மொட்டை மாடி ஏறியவர்கள் எத்தனை பேர்!

வெள்ளம் வரும்போது கடலும் ஏறி நின்றால் ஆற்றுத் தண்ணீர் உடனே வடியாது. முகத்துவாரத்தை அடைக்கும் மணல் மேடு வேறு. அந்த நேரத்தில் தண்ணீர் பரவி நிற்கத் தாழ்ந்த கரையும் ஓடையும் வேண்டும். கரையை மேடாக்கிக் கட்டிடம் எழுப்பினால் அந்தத் தண்ணீர் அடுத்தவன் வீட்டு வாசலைத்தான் தேடும். அந்த அடுத்தவன் குடிசைக்காரனாகவும் இருப்பான், குமாஸ்தாவாகவும் இருப்பான், கடைக்காரனாகவும் இருப்பான்.

ஆகவே இது கொக்கு சமாச்சாரம் மட்டும் இல்லை. ஓடைக்கரையில் ராத்திரி லாரி ரப்பீஸ் கொட்டினால், "நமக்கென்ன?" என்று போய்விடாதீர்கள். லாரி நம்பரைக் குறித்துக்கொண்டு மாநகராட்சிக்கு 1913-ல் போன் போடுங்கள். ஓடையின் முதல் சாட்சி நீங்களாக இருங்கள்!