மொட்டை மாடி இல்லாதவர்களுக்கும் சோலார்! டெல்லியின் 'கம்யூனிட்டி சோலார்' எப்படி வேலை செய்கிறது?

சோலார் பேனல் வைக்க ஆசைதான். ஆனால் குடியிருப்பதோ நாலு மாடிக் கட்டடத்தின் முதல் தளத்தில், அதுவும் வாடகைக்கு. மொட்டை மாடிச் சாவி ஹவுஸ் ஓனரிடம். தலைநகர் டெல்லியில் இப்படி வசிக்கும் குடும்பங்கள் ஏராளம். இவர்களுக்கான வழிதான் கம்யூனிட்டி சோலார். இதற்கான விதிகளை டெல்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் கொண்டுவந்தது. 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட டெல்லி சோலார் கொள்கையிலும் இதற்கு இடம் உண்டு.

பேனலில் இருந்து வீட்டுக்கு வயர் வருமா?

வராது. பலரும் குழம்புவது இங்கேதான். வேறொரு இடத்தில் பெரிய பேனல் அமைப்பு இருக்கும். அதில் பலருக்குப் பங்கு. உற்பத்தியாகும் மின்சாரம் முழுவதும் கிரிட்டுக்குப் போய்விடும். அங்குள்ள மீட்டர் காட்டும் யூனிட்டுகள் மட்டும் பங்குதாரர்களின் கரண்ட் பில்லில் வரவு வைக்கப்படும். வங்கியில் போட்ட அதே நோட்டா நமக்குத் திரும்பி வருகிறது? அப்படித்தான் இதுவும். இதன் பெயர் 'விர்ச்சுவல் நெட் மீட்டரிங்'.

கணக்கு எப்படி?

ஒரு கிலோவாட் பேனல் தினமும் சுமார் 4 யூனிட் தரும். 10 கிலோவாட் என்றால் மாதம் சுமார் 1,200 யூனிட். மூன்று குடும்பங்கள் 50:30:20 என்ற விகிதத்தில் சேர்ந்திருந்தால் 600, 360, 240 யூனிட் வரவு. 360 யூனிட் கிடைத்த வீட்டில் 500 யூனிட் ஓடியிருந்தால், 140 யூனிட்டுக்கு மட்டும்தான் கட்டணம். வரவு மிஞ்சினால் அடுத்த மாதத்துக்குப் போகும். ஆனால் நிலைக்கட்டணம் குறையாது. அதைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

பணம் போடும் முன் பார்க்க வேண்டியது இந்த விகிதத்தைத்தான். யாருக்கு எவ்வளவு என்பது ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கணும். பங்குதாரர்கள் எல்லோரும் ஒரே மின் விநியோக நிறுவனத்தின் எல்லைக்குள் இருப்பதும் கட்டாயம். வேறு நிறுவனத்தின் பகுதிக்கு வீடு மாறினால் சிக்கல்தான்.

இன்னொன்று, டெல்லியில் மாதம் 200 யூனிட்டுக்குள் பயன்படுத்தி, மானியத்தில் ஜீரோ பில் வாங்குபவர்களுக்கு இதில் பெரிய லாபம் இல்லை. ஏசி ஓடும் வீடுகளுக்குத்தான் கணக்கு சரியாக வரும்.

கடைகள், நிறுவனங்களுக்கு?

2019 விதிகளில் விர்ச்சுவல் முறை வீடுகள், குடியிருப்புச் சங்கங்கள், அரசு அலுவலகங்கள் போன்றவற்றுக்கே இருந்தது. வணிகர்களுக்குக் கைகொடுப்பது 'குரூப் நெட் மீட்டரிங்'. குடோன் கூரையில் பேனல் போட்டு, அங்கே செலவானது போக மிஞ்சுவதை அதே உரிமையாளர் பெயரில் உள்ள ஷோரூம் பில்லில் கழிக்கலாம்.

கரண்ட் கட் ஆனால்?

பங்குதாரர் வீட்டிலும் இருட்டுதான். கிரிட் நின்றால், பேட்டரி இல்லாத சோலார் அமைப்பும் பாதுகாப்புக்காகத் தானாகவே நின்றுவிடும். இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் அதை விற்றுவிட வேண்டாம்.