320 பெரிசா, 2,488 பெரிசா? டிஸ்க் வேகமும் ஃபைபர் வேகமும்: ஒரு எளிய கணக்கு

பழைய சர்வரில் இருக்கும் டேட்டாவை ஃபைபர் லைன் வழியாக மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சர்வரில் இருப்பது 'அல்ட்ரா 320 ஸ்கஸி'. அதன் வேகம் 320. ஃபைபர் லைன் 'ஓசி-48' வகை. அதன் வேகம் 2,488. ஃபைபர்தான் பல மடங்கு வேகம் என்று தோன்றும். ஆனால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்!

அது எப்படி?

ஸ்டோரேஜ் வேகத்தைப் பெரும்பாலும் நொடிக்கு இத்தனை மெகாபைட் என்பார்கள். நெட்வொர்க் வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். 2,488-ஐ 8-ஆல் வகுத்தால் 311 மெகாபைட். அதாவது, 320-ஐ விடக் கொஞ்சம் கம்மி!

எல்லாவற்றையும் 8-ஆல் வகுத்தால் போதுமா?

போதாது. முதல் தலைமுறை 'சாட்டா' டிஸ்க்கின் வேகம் 1.5 ஜிகாபிட். 8-ஆல் வகுத்தால் 187.5 மெகாபைட் வரும். ஆனால் கேபிளில் பிழையில்லாமல் போய்ச் சேர, ஒவ்வொரு 8 பிட்டையும் 10 பிட்டாக மாற்றித்தான் சாட்டா அனுப்பும். அதனால் 10-ஆல் வகுக்க வேண்டும். நிஜத்தில் கிடைப்பது அதிகபட்சம் 150 மெகாபைட்.

கணக்கு தப்பினால் என்ன ஆகும்?

155.52 மெகாபிட் வேகமுள்ள 'ஓசி-3' லைனில் 1 டெராபைட் அனுப்புகிறீர்கள். 155-ஐ மெகாபைட் என்று நினைத்தால், 2 மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும் எனத் தோன்றும். உண்மையில் 14 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நெட்வொர்க்கின் நிர்வாகத் தகவல்களுக்கும் ஒரு பங்கு போவதால் இன்னும் கூடும். இரவு 10 மணிக்குத் தொடங்கினால், மறுநாள் ஆபீஸ் திறந்த பிறகும் சர்வர் ரெடியாக இருக்காது.

எனவே எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால், அது பிட்டா, பைட்டா என்று பாருங்கள்.