இறால் ஓடும் மருந்துத் துகளும்

பழவேற்காடு ஏரியில் மீனவர்கள் பிடிக்கும் இறாலின் ஓட்டில் கைட்டின் என்னும் சர்க்கரைச் சங்கிலிப் பொருள் இருக்கிறது. அமிலத்தால் சுண்ணாம்பையும் காரத்தால் புரதத்தையும் நீக்கி, எஞ்சியதை அடர்காரத்தில் சூடாக்கினால் அது கைட்டோசானாக மாறுகிறது. கழிவென ஒதுக்கப்படும் ஓட்டுக்கு மதிப்பளிக்கும் இவ்வழியைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் வளர்த்தெடுத்தது பாராட்டத்தக்க பணியாகும்.

மருந்தைச் சுமக்கும் துகள்களைச் செய்ய மருந்தியலாளர்கள் கைட்டோசானுடன் சேர்க்கும் ஹயலுரானிக் அமிலம், 1934-இல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணின் உட்கூழில் கண்டறிந்தது; மனிதரின் மூட்டிலும் தோலிலும் இயல்பாகவே உள்ள இப்பொருளை உடலின் நொதிகளே சிதைத்துவிடுகின்றன. மென்அமிலக் கரைசலில் கைட்டோசான் நேர்மின்னூட்டமும் ஹயலுரானிக் அமிலம் எதிர்மின்னூட்டமும் பெறுவதால், இரண்டும் ஒன்றையொன்று ஈர்த்துத் திரண்டு, மருந்தைப் பொதிந்த நுண்துகள்களாகின்றன.

பல புற்றுநோய் உயிரணுக்களின் மேற்பரப்பில் மிகுந்திருக்கும் சிடி44 என்னும் ஏற்பி, அதாவது குறிப்பிட்ட மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும் புரதம், ஹயலுரானிக் அமிலத்தைப் பிடித்துக்கொள்வதால், துகள் மருந்தோடு உயிரணுவுக்குள் நுழைய வழி பிறக்கிறது. ஆயினும் நலமான உயிரணுக்களிலும் சிடி44 இருப்பதும், இரத்தத்தில் செலுத்தப்படும் ஹயலுரானிக் அமிலத்தைக் கல்லீரல் விரைவாக ஈர்த்துக்கொள்வதும், ஆய்வாளர்கள் இன்னும் கடக்க வேண்டிய தடைகளாக நிற்கின்றன.