சோர்வுற்ற நாளில் தேகப்பயிற்சி

தேகப்பயிற்சியின் நன்மைகளை எடுத்துரைக்கும் கட்டுரைகள் மிகப்பல. அந்நன்மைகளை அறியாத மாணவரும் நம்மிடையே இலர். ஆயினும், ஆனி மாதத்தில் கர்லாக்கட்டைச் சுழற்சியும் இரும்புக் குண்டுகளின் ஓசையுமாய் விளங்கிய பயிற்சிக்கூடம், புரட்டாசி கழியுமுன்னரே வெறிச்சோடிக் கிடக்கக் காண்கின்றோம். இதற்குக் காரணம் யாது? அறியாமை அன்று, சோர்வு வந்த நாளில் செய்யத்தக்கது யாதெனத் தெரியாமையே ஆகும். அவ்வொன்றையே ஈண்டு ஆராயப் புகுகின்றேன்.

யானும் மாணவனாயிருந்த காலத்தில் இருமுறை பயிற்சியைத் தொடங்கி, இருமுறையும் கைவிட்டவன். இப்போது எண்ணிப் பார்க்குங்கால், விட்டுவிடுவதென்று யான் ஒருநாளும் தீர்மானித்ததில்லை. ஓரிரவு நெடுநேரம் படித்த களைப்பினால் மறுநாட்காலை போகவில்லை. ‘முழுவதும் செய்ய இயலாதபோது போவானேன்?’ என்பதே அன்று யான் எனக்குச் சொல்லிக்கொண்ட நியாயம். அடுத்த நாள் அந்நியாயம் இன்னும் எளிதாக வந்தது. ஒரு வாரம் சென்றபின் கூடத்தின் வாயிலை மிதிக்க வெட்கமாயிருந்தது. அவ்வளவே. ஆகவே, பயிற்சிக்குப் பகை சோர்வன்று. ‘முழுதும் அல்லது ஒன்றுமில்லை’ என்னும் எண்ணமே.

இனி, சோர்வு இருவகைப்படும். ஒன்று உடலைப் பற்றியது. மற்றொன்று உள்ளத்தைப் பற்றியது. காய்ச்சல், மார்பு வலி, மூச்சுத் திணறல், வயிற்றுப்போக்கு முதலியன உள்ள நாளில் ஓய்வே கடமை. வைரஸ் காய்ச்சலின்போது கடும்பயிற்சி செய்தல் இருதயத் தசைக்குத் தீங்கு விளைக்கவும் கூடும். அவ்வேளையில் வீரம் காட்டுதல் பேதைமை. காய்ச்சல் முற்றும் நீங்கியபின் சிறுகச் சிறுகத் தொடங்குதல் வேண்டும். உறக்கம் பெரிதும் குன்றிய நாளிலும் பாரமான குண்டுகளைத் தூக்கலாகாது. கவனம் பிசகிக் காயம் நேரும். அன்றிரவு முன்னதாகப் படுத்தலே தக்க மருந்து.

உள்ளத்தின் சோர்வோ வேறு. மார்கழிக் காலைக் குளிர், மதிப்பெண் குறைந்த வருத்தம், வீட்டிலிருந்து வந்த கடிதம் அல்லது தொலைபேசிச் செய்தி, வெறும் சலிப்பு ஆகிய இவையெல்லாம் உடலின் களைப்பைப் போலவே வேடம் பூண்டு வரும். இரண்டையும் பகுத்தறிய எளிய சோதனை ஒன்றுண்டு. பயிற்சிக்குரிய உடையணிந்து கூடத்திற்குச் சென்று, பத்து நிமிஷம் மெல்ல நடந்தும் கைகால்களை அசைத்தும் பாருங்கள். தசைகள் சூடேறி, இரத்த ஓட்டம் மிக்கு, மனமும் தெளியுமாயின் வந்தது உள்ளச்சோர்வே, மேலே தொடரலாம். பாரம் அதிகரிக்குமாயின் நாணமின்றித் திரும்பிவிடலாம்.

மெல்லிய பயிற்சியே சோர்வைத் தணிக்கும் என்பதற்கு ஆராய்ச்சியும் சான்றாகின்றது. அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தார் 2008ஆம் ஆண்டில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். உடலுழைப்பின்றி, எப்போதும் களைப்பாயிருப்பதாகக் கூறிய இளைஞர் 36 பேர் அதிற் சேர்க்கப்பட்டனர். வாரத்தில் 3 நாள், நாளொன்றுக்கு 20 நிமிஷம் என 6 வாரம் பயின்றோருள், நடுத்தர வேகத்தாருக்குக் களைப்பு 49 விழுக்காடும், மென்மையாகச் செய்தோருக்கு 65 விழுக்காடும் குறைந்தன. சிறிது செய்தவர்க்கே பெரும்பயன் கிட்டியது வியப்பன்றோ!

‘குறைத்துச் செய்தால் ஈட்டிய வலிமை போய்விடாதோ?’ என ஐயுறுவார் உண்டு. 1981ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், வாரம் 6 நாள் பயின்றோர் அதனை 2 நாளாகக் குறைத்தும், செய்யும் வேகத்தைக் குறையாமையால், 15 வாரம் வரையில் தம் மூச்சாற்றலை இழந்திலர். 2011ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, இளைஞர்கள் எடைப்பயிற்சியின் அளவை ஒன்பதில் ஒரு பங்காகக் குறைத்தும் பெற்ற வலிமையைப் பல மாதம் காத்துக்கொண்டதைக் காட்டிற்று. ஈட்டுவதற்கு மிகுந்த உழைப்பு வேண்டும். காப்பதற்குச் சிறிதே போதும்.

ஆதலின், சோர்வுற்ற நாளில் கொள்ளத்தக்க முறை இது: நேரத்தை மாற்றாதீர்கள், அளவைக் குறையுங்கள். மும்முறை செய்யும் தண்டாலை ஒருமுறை செய்க. பஸ்கி பதினைந்து, கர்லாக்கட்டை கைக்குப் பத்துச் சுற்று, பின்பு மைதானத்தை ஒருமுறை வலம்வருதல்; இவ்வளவில் நிறுத்திக்கொள்க. செய்ததைக் குறிப்பேட்டில் எழுதிவைக்க. குறைந்த நாளும் நாளே என்பது பின்னர்ப் புலனாகும்.

மற்றோர் உபாயம் துணை தேடுதல். நம் கோவை இராமநாதபுரத்தில் 1915ஆம் ஆண்டு பிறந்த சின்னப்பா தேவரை யாவரும் படமுதலாளியாகவே அறிவர். இளமையில் அவர் பங்கஜா மில்லில் தொழிலாளியாயிருந்தார். யூஜின் சாண்டோ என்னும் பயில்வானின் பெயர் அவர் பெயருக்கு முன் அடைமொழியாய் ஒட்டிக்கொண்டது அவருடைய தேகக்கட்டினாலன்றோ! அவர் தனித்துப் பயின்றாரல்லர். நண்பர்களோடு கூடி ஒரு தேகப்பயிற்சிச் சாலையையே நிறுவினார். நம் ஊக்கம் குன்றிய நாளில் தோழனொருவன் வாயிலில் வந்து நின்றழைத்தல், நூறு உபதேசங்களினும் மேலாம்.

மின்சார இயந்திரங்கள் வருமுன் நம் கொங்கு நாட்டுக் கிணறுகளில் கவலை பூட்டி நீரிறைத்தனர். மாடு களைத்த நாளில் உழவன் பத்துப் பாத்திக்குப் பதிலாக நாலு பாத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம். மாடு களைத்ததென்று பயிரைக் காயவிடுதல் இல்லை. நமக்கும் அதுவே வழி. முழு வயலுக்கும் பாய்ச்ச இயலாத நாள் வரத்தான் செய்யும். அன்று நாலு பாத்திக்கேனும் நீர் விடுவோமாக, பயிர் பிழைத்துக்கொள்ளும்.