பாய்மரப் படகும் பத்திரமும்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத் தலைநகரான அனாபொலிஸில், 1970-இல் தொடங்கி அக்டோபர் மாதங்களில் நடந்துவரும் பாய்மரப் படகுக் கண்காட்சிக்கு வரும் முதிய தம்பதியரில் பலர் வெறும் வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் அல்லர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுவிட்டு, எஞ்சிய ஆயுளைப் படகிலேயே கழிப்பதென்று சங்கல்பம் செய்துகொண்டு, அதற்கேற்ற படகைத் தேடி வருகிறவர்கள். காலணியைக் கழற்றிவிட்டு அவர்கள் ஏறிப் பார்க்கும் படகோ, அசையாத நீரில் கட்டப்பட்டு, சமையல் மேடையில் பழத்தட்டும் படுக்கையில் புது விரிப்புமாக, கடலின் சீற்றத்தையே அறியாததாய்க் காட்சியளிக்கும். அந்த மயக்கம் தெளியுமுன் கையெழுத்து வாங்குவதற்காகவே, கண்காட்சி விலை இன்றோடு சரி என்ற மதுர வாக்கும் காத்திருக்கும்.

வாங்கிய எதையும் மூன்று நாளுக்குள் திருப்பிவிடலாம் என்ற நம்பிக்கை அங்கே வெகுவாகப் பரவியிருக்கிறது. எல்லாக் கிரயத்துக்கும் பொருந்தும் அப்படியொரு பொதுச் சட்டம் அந்நாட்டில் கிடையாது. ஆகவே, நிபுணர் ஆய்வும் கடலோட்டப் பரீட்சையும் தமக்குத் திருப்தி அளித்தாலன்றிக் கிரயம் முடிவாகாது என்றும், திருப்தியில்லையேல், வழக்கமாகப் பத்து சதவீதமாகக் கேட்கப்படும் முன்பணம் முழுவதும் இன்ன தேதிக்குள் திரும்ப வேண்டும் என்றும், அதுவரை அது தனிக் கணக்கில் இருக்க வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்வதே வாங்குகிறவருக்குள்ள மெய்யான பாதுகாப்பு. இதற்கு முகம் சுளிக்கும் விற்பனையாளரின் படகு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

நிபுணரை வாங்குகிறவரே அமர்த்த வேண்டும். தரகர் சிபாரிசு செய்யும் ஆள் வேண்டாம், ஏனெனில் கிரயம் முடிந்தால்தான் தரகருக்குக் கூலி. நல்ல நிபுணர் படகை நீரிலிருந்து தூக்கச் செய்து, சிறு சுத்தியலால் அடிப்பாகத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போவார். கணீரென்று வந்த ஓசை ஓரிடத்தில் மந்தமாயிற்றென்றால், ஃபைபர்கிளாஸ் அடுக்குகளுக்குள் நீர் இறங்கியிருக்கிறதோ என்று சந்தேகிப்பார். பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளின் வயதையும் அவர் கேட்பார். காப்பீட்டு நிறுவனமும் பிறகு அதையேதான் கேட்கும். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரையிலான சூறாவளிப் பருவத்தில் படகு எங்கே நிற்கும் என்பதையும் அந்நிறுவனம் விசாரிக்கும்.

பழைய படகானால், வீடு வாங்குகிறவர் வில்லங்கச் சான்று பார்ப்பதுபோல் இதற்கும் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கடலோரக் காவல் படையிடம் பதிவான கலமாயின், அதன் உரிமை மாற்றங்களையும் பதிவான அடமானங்களையும் காட்டும் பிரதியைக் கட்டணம் செலுத்திப் பெறலாம். அதோடு நிம்மதியடைந்துவிடவும் கூடாது. பழுது பார்த்த பட்டறைக்கு முந்தைய உடைமையாளர் வைத்த பாக்கி, எந்தப் பதிவிலும் ஏறாமலே படகைப் பற்றிக்கொண்டு புதியவரிடம் வரக்கூடும். அதற்காக நீதிமன்றம் படகையே ஜப்தி செய்யவும் கூடும். எந்த வில்லங்கமும் இல்லை, இருந்தால் தீர்த்துத் தருவேன் என்ற எழுத்து மூலமான உறுதி விற்பவரிடமிருந்து அவசியம்.

படகைவிடப் பெரிய விஷயம் தேகம். 65 வயது நிறைந்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடாகிய மெடிகேர், அபூர்வமான சில சந்தர்ப்பங்கள் நீங்கலாக, அமெரிக்க எல்லைக்கு வெளியே சிகிச்சைச் செலவை ஏற்பதில்லை. பஹாமாஸில் கால் முறிந்தால் செலவு சொந்தப் பணம். துணைக் காப்பீடுகள் சில வெளிநாட்டு அவசர சிகிச்சைக்கு உதவுமாயினும், பிரயாணத்தின் முதல் 60 நாட்களுக்குள், ஆயுள் மொத்தத்துக்கும் 50,000 டாலர் என்ற வரம்போடுதான். வெளிநாட்டில்தானே இருக்கப்போகிறோம் என்று மெடிகேரின் ‘பி’ பகுதியில் உரிய காலத்தில் சேராதவர், பின்னர் சேரும்போது, தாமதித்த ஒவ்வொரு பன்னிரண்டு மாதத்துக்கும் பத்து சதவீதம் கூடுதலாகக் கட்ட நேரிடும். தேகத்தைப் போலவே தங்குமிடமும் யோசிக்க வேண்டியது: படகிலேயே குடியிருப்பதைப் பல படகுத்துறைகள் அனுமதிப்பதில்லை என்பதையும் முன்னதாகவே விசாரித்தறிவது நலம்.

இவ்வளவுக்குப் பின்னும் ஏமாற்றப்பட்டால், முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் செலுத்தியவர், அந்தத் தொகை முதலில் இடம்பெற்ற கணக்கறிக்கை அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். மேரிலாந்து அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவும் புகாரைப் பெற்று மத்தியஸ்தம் செய்கிறது. இரண்டுக்கும் கேட்கப்படுவது ஆதாரம். ஆதலால், படகுத் தளத்தில் நின்று விற்பனையாளர் வாயால் சொன்ன ஒவ்வொரு வாக்குறுதியையும் அன்று மாலையே மின்னஞ்சலில் எழுதி அனுப்பி, அவருடைய பதிலைப் பெற்ற பிறகே பணம் கொடுங்கள்.